பனியன் பிள்ளைகள் பருத்திக் காட்டில்
மிஷன் பள்ளிகளின் வெளிச்சுற்றும் விவசாயிகளின் பங்கும்

திருப்பூர் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளியொன்றில் நுழைந்து, "சட்டை எதிலிருந்து வருகிறது?" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் "கம்பெனியிலிருந்து" என்ற பதில் தயங்காமல் வரும். அதில் தவறில்லை. அப்பா கட்டிங், அம்மா செக்கிங், அக்கா ஓவர்லாக் என்று வீடே பனியன் தொழிலில் இருக்கிறது. திண்டுக்கல், தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களோடு பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று அதே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கூட்டுகிறார்கள். இவர்களில் பலர் பருத்திச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. பக்கத்துத் தோட்டத்து விவசாயியின் பேரப்பிள்ளையும் ஏறக்குறைய அதே நிலைதான். வேன் ஏறிப் போய் வேன் ஏறி வருகிற பிள்ளைக்குக் காடு எது, தோட்டம் எது என்பது தெரியாமல் போகிறது.

இந்த வகையில் மிஷன் பள்ளிக்கூடங்களின் பழைய வழக்கம் ஒன்று கவனிக்கத்தக்கது. லண்டன் மிஷன் கோயம்புத்தூரில் கால் வைத்தது 1830ஆம் ஆண்டில். திருச்சபையை ஒட்டிய தொடக்கப் பள்ளிகளில் இன்றும் அறுப்பின் பண்டிகை பிள்ளைகளுக்குப் பெரிய நாள். வீட்டில் விளைந்த முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். தேங்காய், வாழைத்தார், ஒரு படி கம்பு, கோழி, முட்டை என்று குவிந்தவற்றைப் பிறகு ஏலம் விடுவார்கள். சந்தையில் சீந்துவாரற்ற பூசணிக்காய் அன்றைக்கு மட்டும் பல மடங்கு விலைக்குப் போகும். எல்லா நாளும் அப்படி ஏலம் போனால் விவசாயிக்கு என்ன குறை என்று ஏலம் பார்க்க வந்த பெரியவர்கள் சிரித்துக்கொள்வதும் உண்டு. தோட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளை கடையில் வாங்கிய பொருளைத்தான் கொண்டு வரும். முதற்பலன் என்றால் என்ன என்று ஆசிரியை விளக்க வேண்டியிருக்கும் இடமும் அதுவே. வாயால் விளக்குவதைவிட ஒரு நாள் காட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுவது எளிது.

வயலைப் பாடப்புத்தகமாக்கும் முறை புதியது அல்ல. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் கிறிஸ்தவ மிஷன் நடத்திய பள்ளியில் 1920களில் மெக்கீ என்பவர் இதைச் செய்து காட்டினார். பிள்ளைகளுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்து, விதைச் செலவு, விளைச்சல், விற்ற பணம் எல்லாவற்றையும் அவர்களே கணக்கெழுதும்படி வைத்தார். நம் பக்கத்தில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் நியூட்டன் பாதிரியார் 1911 வாக்கில் நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்து, பலருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். 'நியூட்டன் பெட்டி' என்ற பெயரில் அது இன்றும் தென்னந்தோப்புகளில் இருக்கிறது.

திருப்பூர்ப் பள்ளிகளுக்கு வெளிச்சுற்று என்றால் அமராவதி அணையும் முதலைப் பண்ணையும், அதை விட்டால் திருமூர்த்தி மலையும்தான் பழக்கம். அவை இருக்கட்டும். பஸ் வாடகை அதிகம் இல்லாமல் அரை நாளில் போய் வரக்கூடிய இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலாவது பருத்திக் காடு.

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும் பருவத்தில், அந்தப் பக்கத்துக் காடுகளில் வெடித்த காய் வெள்ளையாகத் தெரியும். பிள்ளைகளை ஆளுக்கு ஒரு காய் பறிக்கச் சொல்லிக் கொட்டையையும் பஞ்சையும் பிரிக்க வைத்தால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதி கணக்கு. நல்ல காயொன்றில் கொட்டையோடு சுமார் 4 கிராம் பருத்தி கிடைக்கும். அரைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. 150 கிராம் எடையுள்ள கைவைத்த பனியன் ஒன்றுக்கு, ஆலையில் போகிற கழிவையும் சேர்த்தால், ஏறக்குறைய 120 காய் வேண்டும். 120 காய் என்றால் கொட்டையோடு 480 கிராம். 2024-25ஆம் ஆண்டுக்கு நீண்ட இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,521 ரூபாய். அந்த விலைக்கு விற்றால் ஒரு பனியனுக்கான பருத்திக்கு விவசாயி கையில் வருவது சுமார் 36 ரூபாய்.

இந்தக் கணக்கை நான்காம் வகுப்புப் பிள்ளை தானே போட்டுவிடும். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "நீங்க தெக்கிற பனியன் என்ன விலைம்மா?" என்று கேட்கும். விவசாயியும் அவர் மகளும் இதுவரை சேர்ந்து போடாத கணக்கு அது. உழவு, விதை, களை, மருந்து, எடுப்புக் கூலி அத்தனையும் அந்த 36 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். நூல் நூற்பது இந்தப் பக்கத்துக்கு நேற்று வந்த தொழில் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் சுட்ட மண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. அந்த ஊர் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையது.

இரண்டாவது இடம் காங்கயம் பக்கத்துக் கொறங்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், இவைதான் கொறங்காடு. மழை குறைந்த மானாவாரி நிலத்தில் வேறெதுவும் நிற்காதபோதும் கொழுக்கட்டைப் புல் வேர் பிடித்து நிற்கும். வேலங்காய் உதிர்ந்தால் ஆட்டுக்குத் தீனி. பிள்ளைகளுக்கு இதில் பிடிப்பது கன்றுக்குட்டிதான். "அப்பாரு, தாய் வெள்ளையா இருக்குது, கன்னு மட்டும் ஏனுங்க செவலையா இருக்குது?" என்று கேட்காத பிள்ளை இல்லை. காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சில மாதங்களில் வெளுத்து மயிலையாகும் என்பதை நேரில் பார்த்த பிள்ளை மறக்காது. கொறங்காடு வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. மனைப்பிரிவாகவும் செட்டாகவும் மாறிக்கொண்டிருக்கும் நிலத்தை, இது வெறும் தரிசு என்று நினைத்து வளரும் தலைமுறையிடம் விட்டுச் செல்வதைவிட, இது மேய்ச்சல் காடு என்று தெரிந்த தலைமுறையிடம் விட்டுச் செல்வது மேல்.

மூன்றாவது நஞ்சராயன் குளம். திருப்பூருக்கு வடகிழக்கே சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி, நல்லாற்றின் நீரை வாங்கும் இக்குளம் சுமார் 126 ஹெக்டேர். ஒரு காலத்தில் பாசனக் குளம். பிறகு நகரத்துக் கழிவையும் ஏற்க நேர்ந்தது. பறவைகள் விடவில்லை. 2022ல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக இது அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இங்கே 191 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும் அவற்றில் ஒன்று. வலசைப் பறவைகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்; காலை 7 மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும்.

பறவை பார்ப்பது பொழுதுபோக்கு என்று விவசாயிகள் தள்ளிவிட வேண்டியதில்லை. மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கையும், கம்பியில் உட்கார்ந்திருந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும் கரிச்சானையும் அடையாளம் கண்ட பிள்ளை, வீட்டுக்கு வந்து தோட்டத்திலும் தேடும். காய்ப்புழு வரும் பயிர்களில் ஏக்கருக்கு 20 வீதம் 'டி' வடிவில் பறவைத் தாங்கிக் குச்சிகளை நட்டு வைக்கும்படி வேளாண் துறை வெகுநாளாகச் சொல்லி வருகிறது. செலவில்லாத வேலை. அதைச் செய்ய அப்பாவுக்கு நேரமில்லை என்றால் பிள்ளை செய்யும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அழகான இடம் அல்ல; ஆனாலும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் காட்டத்தான் வேண்டும். நொய்யலின் குறுக்கே 1992ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சுமார் 10,000 ஏக்கர் பாசனத்துக்கென்று கட்டப்பட்டது. சாயக்கழிவு வந்து தேங்கியதால், பயிருக்கு விடவேண்டிய தண்ணீரே பயிரைக் கெடுத்தது. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உப்பாயின. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; கெடுத்தவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை 2009ல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையில் சுத்திகரிக்கும் ஆலைகளே பிறகு இயங்க அனுமதி பெற்றன. மூடிய நாட்களில் வேலை இழந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளும், கிணறு இழந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆகையால் யாரையும் குற்றவாளியாக்காமல் இதைச் சொல்வது கடினம். சொல்லாமல் விடுவது அதைவிடத் தவறு. பிள்ளைகள் ஊரிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, உப்பின் அளவு காட்டும் சிறு கருவியால் அளந்து பட்டியல் போட்டால், அது ஊருக்கே உதவும்.

பள்ளிப் பிள்ளைகள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்றால் விவசாயிகள் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். மருந்தடித்த வாரத்தில் வரச் சொல்லாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் கயிறு கட்டி, பெரியவர் ஒருவரை நிறுத்துங்கள். மோட்டார் அறையைப் பூட்டிவிடுங்கள். பூச்சி காளையைக் கட்டுத்தரையின் கடைசியில் கட்டுங்கள். மருந்து டப்பாக்களைப் பூட்டி வைப்பது எப்போதும் நல்லது. ஆனால் ஒரு வெற்று டப்பாவின் லேபிளை மட்டும் தொடாமல் பார்க்கக் காட்டலாம். அதிலுள்ள முக்கோணத்தில் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும். அந்த டப்பாவில் மோர் ஊற்றி வைத்திருக்கும் வீடுகளில், அதைத் தூக்கி எறியச் செய்வதும் அந்தப் பிள்ளைதான்.

காலை உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15ஆம் நாள் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாயிற்று. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான் அது தொடங்கப்பட்டது. உதவிபெறும் மிஷன் பள்ளிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்க வேண்டியதில்லை என்பது வெளிச்சுற்று அழைத்துப் போகும் ஆசிரியைக்குப் பெரிய நிம்மதி.

பருத்திக் காட்டுக்கும் கொறங்காட்டுக்கும் பிள்ளைகளை வரவழைக்க விரும்பும் விவசாயிகள், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பருவம் தொடங்கும் முன்பே பேசிவைக்கலாம். ஒரு தடவைக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பறித்த காயை வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கு ஒன்று கொடுத்தனுப்புங்கள். அதில் உள்ள கொட்டையை மண்ணில் ஊன்றிப் பார்க்காத பிள்ளை இருக்காது.