முதல் துப்பாக்கி: புதியதா, கைமாறியதா?

நம் தேசத்தில் ஒரு வீட்டுக்குத் துப்பாக்கி வந்து சேருவது சாமானிய காரியமன்று. மாடு வாங்கலாம், மோட்டார் வண்டி வாங்கலாம். பணம் இருந்தால் போதும். துப்பாக்கிக்கோ ஜில்லா கலெக்டருக்கு மனுப் போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்க வேண்டும். ஆயுதத்தைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். வீட்டில் அதைப் பத்திரமாகப் பூட்டி வைப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் கடந்து லைசென்ஸ் கைக்கு வந்த பின், குறித்த கெடுவுக்குள் ஆயுதத்தை வாங்கிப் பதிவும் செய்தாக வேண்டும். பல மாத காலம் பொறுமையாய் இருந்தவர்கள் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து விடுகிறார்கள். கடைக்குப் போன அன்றே ஏதாவதொன்றை எடுத்துக்கொண்டு வந்து விடுகிறார்கள். புதிதாக வாங்குவதா, முன்பே ஒருவர் வைத்திருந்ததை வாங்குவதா என்பதைப் பற்றி அவர்கள் யோசிப்பது மிகச் சொற்பம். யோசித்தாலும் விலையையும் பெயரையுமே யோசிக்கிறார்கள். குழலின் உட்புறத்தைப் பற்றி யோசிப்பவர் அரிது.

நாம் இங்கே பேசுவது 12 போர் என்று வழங்கும் ரவைத் துப்பாக்கியைப் பற்றி. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அதுவே 12 போர். இன்றைய கணக்கில் துளையின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ரைபிளைப் போல வரிகள் இரா. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள இத்தகைய துப்பாக்கியைத் தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் உரியதென்று தனியே குறிப்பிடுகிறது. தோட்டக்காரர்களும், ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் குடியிருப்பவர்களும் முதன்முதலில் வாங்குவது பெரும்பாலும் இதுவே.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி விடுவது நல்லது. துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸ் ஆகாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை என்பது நம் நாட்டில் இன்று குற்றம். வாழைத் தோப்பைப் பாழாக்கும் காட்டுப் பன்றியைக்கூடத் தோட்டத்துச் சொந்தக்காரர் தம் இஷ்டப்படி சுட இயலாது. கேரளத்தில் 2022 முதல் உள்ளூர் ஸ்தாபனங்களின் உத்தரவு பெற்று, பட்டியலில் பெயர் உள்ள லைசென்ஸ்தாரர்கள் பன்றியைச் சுட இடமளித்திருக்கிறார்கள். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஆகவே முதல் துப்பாக்கி பெரும்பாலும் சுவரில் காவலாக இருக்கும். எப்போதாவது வானத்தை நோக்கி ஒரு வெடி வெடிக்கும். இப்படி வருஷத்துக்குப் பத்துத் தோட்டா மட்டும் செலவழிக்கும் துப்பாக்கியைத்தான் அதிக ஜாக்கிரதையுடன் தேர்ந்தெடுக்க வேண்டும். தினந்தோறும் எடுத்துத் துடைக்கும் ஆயுதத்தின் குற்றம் உடனே கண்ணில் படும். பரண்மேல் கிடப்பதன் குற்றம் வெடிக்கும்போதுதான் தெரியும்.

பழைய துப்பாக்கிகள் நம் தேசத்தில் எப்படி இவ்வளவு சேர்ந்தன என்பது ஒரு சரித்திரம். 1878-ல் லிட்டன் பிரபு இராஜப் பிரதிநிதியாயிருந்தபோது வந்த ஆயுதச் சட்டம் இந்நாட்டு மக்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது. வெள்ளைக்காரருக்கோ விலக்கு அளித்தது. சொந்த நாட்டில் குடிமகன் மனுப் போட, வந்தேறி தாராளமாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தான். 1887-ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையிலேயே இந்த அவமானம் விவாதத்துக்கு வந்தது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், உரிய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் மலைத் தோட்டத்துத் துரைமாரும் உத்தியோகஸ்தர்களும், அவர்களுடைய தயவு பெற்ற ஜமீன்தார்களும் வாங்கிக் குவித்த துப்பாக்கிகளே இன்று கைமாறிக் கைமாறி வருகின்றன.

அவற்றின்மேல் வெட்டியிருக்கும் பெயர்களைக் கண்டு நம்மவர் மயங்குவதற்கு அளவில்லை. ஆனால் பல துப்பாக்கிகளின்மேல் இருப்பது செய்தவன் பெயரன்று, விற்றவன் பெயர். பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்து, கல்கத்தாவிலோ சென்னையிலோ உள்ள கம்பெனியின் பெயரைப் பொறித்து அனுப்பியவை ஏராளம். கல்கத்தா ரோடா கம்பெனியை நேயர்கள் அறிவார்கள். 1914 ஆகஸ்டு மாதம் வங்காளத்துப் புரட்சி வாலிபர்கள் 50 மௌஸர் பிஸ்டல்களைப் பட்டப்பகலில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது அந்தக் கம்பெனியின் சரக்கிலிருந்துதான். ரோடாவின் பெயர் பொறித்த துப்பாக்கி சரித்திரப் பிரியருக்கு ஒரு சுவையான பொருளாயிருக்கலாம். அதனாலேயே குழல் பலமாயிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

1980-களின் நடுவிலிருந்து சர்க்கார் அயல்நாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை ஏறக்குறைய நிறுத்தி விட்டது. அதன் பலன் என்னவென்றால், இங்கிலாந்தில் பாமரக் குடியானவன் குறைந்த விலைக்கு வாங்கும் சாதாரணப் பழைய துப்பாக்கி, இங்கே புதிய சுதேசித் துப்பாக்கியைவிடச் சில மடங்கு அதிக விலைக்குப் போகிறது. கைமாறிய சாமான் என்றால் மலிவு என்பது உலக வழக்கம். இந்த ஒரு சாமானில் மட்டும் நம் நாட்டில் வழக்கம் தலைகீழாய் நிற்கிறது.

இனி அந்தப் பழைய துப்பாக்கியை எப்படிப் பார்ப்பது?

முதலில் குழலைக் கழற்றித் தலைகீழாய்த் திருப்ப வேண்டும். தோட்டா போடும் பக்கத்தின் அடியில், தட்டையான பாகத்தில், கிரீடமும் எழுத்துமாகச் சில சிறு முத்திரைகள் இருக்கும். விற்பவர் புகழ்ந்து காட்டும் பூவேலையைக் காட்டிலும் இவையே முக்கியம். 1637-ல் சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், 1813-ல் சட்டப்படி ஏற்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச்சாலையும், ஒவ்வொரு குழலிலும் வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்தைப் போட்டு வெடித்துப் பார்த்து, பிழைத்த குழலுக்கு மட்டுமே இம்முத்திரையை இட்டன. புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்கு ‘என்.பி.’ என்றோ, நைட்ரோ என்ற சொல்லோ இருக்க வேண்டும். அது இல்லையானால் கருமருந்துக் காலத்துக் குழல் என்று கொள்வதே உத்தமம். டமாஸ்கஸ் குழல் என்று இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த ஒருவகை உண்டு. பட்டுப் புடவைக் கரைபோல் அலை அலையாகக் கோலம் தெரியும். பார்க்கப் பேரழகு. சுவரில் மாட்டி வைக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. முதல் துப்பாக்கியாக அதை வாங்கி, இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடுபவரின் இடது கை அபாயத்தில் இருக்கிறது. ஏனெனில் குழல் வெடித்தால் அதைத் தாங்கும் கையைத்தான் முதலில் கொண்டு போகும்.

அடுத்தது தோட்டா அறையின் நீளம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் மிகப் பல 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காகச் செய்தவை. இன்று கடையில் தாராளமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. சுடாத தோட்டாவின் வாய் மடிந்து இருப்பதால், 70 தோட்டா 65 அறையில் எந்தத் தடையுமின்றி நுழைந்து விடும். துப்பாக்கியும் சரியாக மூடிக்கொள்ளும். ‘பொருந்துகிறது ஐயா’ என்று விற்பவரும் சொல்வார். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து, அறைக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய கழுத்தில் போய் நிற்கும். போக வழி குறைந்த இடத்தில் அழுத்தம் மிகும். நமக்கு அறிமுகமான ஒரு தோட்டக்காரர் நான்கு வருஷம் இப்படியே சுட்டு வந்தார். கெட்டியான குழலானதால் தப்பித்தார். மிஸ்திரி அறையை அளந்து சொன்ன பிறகு அவர் அந்தத் துப்பாக்கியைத் தொடவில்லை. அறையைக் கடைந்து நீட்டி விட்டால் போயிற்று என்பார்கள். கடைந்தால் அந்த இடத்தில் குழலின் கனம் குறைகிறது. பழைய சோதனை முத்திரைக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். ஒளி வட்டங்கள் ஒழுங்காக ஒன்றனுள் ஒன்றாய்த் தெரிந்தால் நன்று. எங்கேனும் வட்டம் நெளிந்தால் அங்கே பள்ளமோ புடைப்போ உண்டு. கரும்புள்ளிகள் துரு அரித்த குழிகள். குழி இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் சந்தோஷப்பட்டு விடக்கூடாது. துருவை நீக்குவதற்காக உட்புறத்தைக் கடைந்து மெருகேற்றியிருக்கலாம். அப்போது துளை பெரிதாகியிருக்கும், சுவர் மெலிந்திருக்கும். தோட்டாப் பக்கத்திலிருந்து 9 அங்குலம் தள்ளி விட்டத்தை அளந்து, முத்திரையிட்டபோது குறித்த அளவோடு ஒப்பிட வேண்டும். ஆயிரத்தில் பத்துப் பங்கு அங்குலத்துக்கு மேல் விரிந்திருந்தால் அந்தக் குழல் சோதனையை இழந்து விட்டதென்பது பர்மிங்ஹாம் கணக்கு. சுவரின் கனம் எந்த இடத்திலும் அரை மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. இதற்கு அளவுகோல் வைத்திருக்கும் மிஸ்திரி வேண்டும். ஊர் ஊராய் அத்தகைய மிஸ்திரிகள் இருந்த காலம் போய் விட்டது. ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வது துப்பாக்கியின் விலையில் ஒரு சிறு பங்கே.

நாமே செய்யக்கூடியவையும் சில உண்டு. கழற்றிய குழலின் கொக்கியில் விரலை மாட்டித் தொங்க விட்டு, நகத்தால் சுண்டினால் கோவில் மணிபோல் நாதம் நீள வேண்டும். ஓட்டைப் பானைபோல் ‘டொக்’ என்றால் இரு குழல்களையும் இணைக்கும் பற்றுவாய் விட்டிருக்கிறது. முன்கட்டையைக் கழற்றி விட்டு, துப்பாக்கியை மூடி, குலுக்கிப் பார்த்தால் கடகடவென்று ஆடக்கூடாது. மரைகளின் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாதவர் யாரோ கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கட்டை, கைப்பிடி இடத்தில் விரிசல் கண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னும் ஒன்று: அந்தத் துப்பாக்கிகளில் நல்லவை ஒரு குறிப்பிட்ட துரையின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. ஆறடி உயரத்தவனின் நீண்ட கட்டை, நம்மில் ஐந்தேகாலடி உள்ளவருக்குத் தோளில் தட்டி நிற்கும். சட்டை பொருந்தாவிட்டால் தைத்துக்கொள்ளலாம். கட்டையை வெட்டுவதற்கும் கைதேர்ந்த தச்சன் வேண்டும்.

புதிய துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கில்லை. 1760-களில் நவாப் மீர் காசிம் ஆயுதசாலை அமைத்த முங்கேரில் இன்றும் லைசென்ஸ் பெற்ற பட்டறைகள் ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும் செய்கின்றன. சர்க்கார் தொழிற்சாலைகளும் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றன. 2021-ல் அவை ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. 1966-ல் தொடங்கிய நம் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலை, முன்கையை இழுத்துத் தோட்டா மாற்றும் 12 போர் துப்பாக்கியைச் செய்திருக்கிறது. சுதேசிச் சரக்கு என்பதற்காகக் குறையை மறைக்க வேண்டியதில்லை. கனம் அதிகம், மரவேலை கரடு, விசை இறுக்கமாய் இருக்கும். ஆனால் அறை 70 மில்லிமீட்டர். குழல் கெட்டி எஃகு. முன்பு யார் கடைந்தார்கள், எத்தனை முறை தரையில் போட்டார்கள் என்ற கவலை இல்லை. இழுப்புத் துப்பாக்கியா, மடிப்பதா என்று கேட்டால், முதன்முதலில் வாங்குபவருக்கு மடித்துத் திறக்கும் இரட்டைக் குழலே தகுதி என்பது நம் அபிப்பிராயம். திறந்த மாத்திரத்தில் காலியா நிரப்பியதா என்று எதிரில் நிற்கும் குழந்தைக்குக்கூடத் தெரிந்து விடும்.

கைமாறியது எப்போதுமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அண்டையிலுள்ள குடகு நாட்டைப் பார்க்கலாம். அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் வெள்ளைக்காரன் காலம் முதலே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். செப்டம்பரில் வரும் கைல்போது பண்டிகையில் வீட்டுத் துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்துப் பூவைத்துப் பூஜிக்கிறார்கள். பாட்டனிடமிருந்து பேரனுக்கு வரும் அந்தத் துப்பாக்கியின் ஜாதகம் முழுவதும் குடும்பத்துக்குத் தெரியும். எந்தத் தோட்டா போட்டார்கள், எந்த மழைக்காலத்தில் எண்ணெய் தடவ மறந்தார்கள் என்பது வரையில் சொல்வார்கள். இப்படிச் சரித்திரம் தெரிந்த பழைய துப்பாக்கி, உறவினரிடமோ நெடுநாள் பழகிய அண்டை வீட்டாரிடமோ கிடைத்து, மிஸ்திரியின் அளவிலும் தேறினால், தாராளமாக வாங்கலாம். ஊர் பேர் தெரியாத ஒன்றைக் கடைச் சுவரிலிருந்து, கடன் பட்டு, பெயருக்காக வாங்குவதைவிடப் புதிய நாட்டுச் சரக்கு எவ்வளவோ மேல்.

தனி மனிதரிடம் வாங்குவதாயின் காகித விஷயம் ஒன்று பாக்கி. விற்பவர் தம் எண்ணத்தை ஜில்லா அதிகாரிக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கியைக் கைமாற்றலாம். அதற்குள் முன்பணம் கொடுப்பது வாங்குபவர் சாமர்த்தியம். துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்து வருவது குற்றம். குழலிலுள்ள எண்ணும், விற்பவர் லைசென்ஸில் எழுதியுள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதைப் பணம் கொடுக்கும் முன் இரண்டு பேராக நின்று, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பழைய துப்பாக்கிகளில் 3-ம் 8-ம் தேய்ந்து ஒன்றுபோலவே தெரியும்.