தெருக்கூத்தும் கிராமக் கூட்டு முயற்சியும்

தெருக்கூத்து வெறும் வேடிக்கையன்று; ஊரார் ஒன்று கூடிப் பொருள் சேர்த்து நடத்தும் பொதுக் காரியமாகும். ஆதலின் அதன் முறையைச் சங்க அங்கத்தினர்கள் அறிவது நலம்.

பாரதக் கூத்து: பழைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக் கிராமங்களில், கோடைக்காலத்தில் திரௌபதை அம்மன் உற்சவம் பல நாட்கள் நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு விடியுமளவும் கூத்து. அர்ஜுனன் தபசன்று நடிகர் உயர்ந்த கம்பத்தின் மீதேறிப் பாடுவார். முடிவில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகச் செய்து படுகளம் நடத்துவர்; பின்னர் தீமிதி. எழுத்தறியாதோரும் பாரதக் கதையை நன்கறிந்திருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆட்ட முறை: கட்டியக்காரன் முதலில் தோன்றிக் கதையைத் தொடங்கி, இடையிடையே ஊர் நடப்பையும் பரிகசிப்பான். ராஜ வேஷக்காரர் திரைக்குப் பின்னின்று பாடி வெளிப்படுவர். கிரீடமும் புஜகீர்த்தியும் கனமற்ற மரத்தால் செய்தவை. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை பக்க வாத்தியங்கள். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்க் கண்ணப்பத் தம்பிரான் 2003-ஆம் வருஷம் காலமானார். அவர் பரம்பரையார் கலையைப் போற்றி வருகின்றனர்.

நடிகர் நிலை: மழைக்காலத்தில் ஆட்டம் குறைவு. அக்காலத்தில் முன்பணம் வாங்கி உண்டவர், பின்னர் அதற்காகவே ஆட நேரிடும். இத்தகைய கஷ்டங்களை ஒன்றுகூடித் தீர்க்கக் கருதிய கட்டைக்கூத்துக் கலைஞர்கள், 1990-ஆம் வருஷம் காஞ்சீபுரத்தை இடமாகக் கொண்டு தமக்கென ஒரு சங்கம் ஸ்தாபித்தனர். நம் சங்கங்களின் தத்துவமும் இதுவேயன்றோ?

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை:

1. விதைக்கும் எருவுக்கும் பெற்ற கடனை உற்சவத்தில் செலவிடலாகாது. அறுவடை தோறும் சிறு தொகை சேமித்து வைத்தால் கடைசி நேரத்தில் வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை.
2. ஊர்வரிக்கு ரசீது கொடுத்து, வரவு செலவைச் சபையில் படித்துக் காட்டுக.
3. ஜமாவுக்குப் பேசிய தொகையை ஆட்டம் முடிந்தவுடன் குறைக்காமல் கொடுத்துவிடுக.
4. வரி வாங்குவதிலும் உட்காருமிடத்திலும் சாதி பேதம் பாராட்டற்க.

நான்காவதை அனுசரியாத ஊரில் கூத்து நடைபெறலாம், ஊர் ஒன்றுபட்டதாகாது. பலர் பொருளால் நடக்கும் காரியம் பலருக்கும் உரியதாயிருத்தல் வேண்டும்.