மன்னார்க் கடலடியில் எரிவாயு

சுண்ணக்கல்லிற் கிணறு வெட்டிப் பழகிய யாழ்ப்பாணத்தவராகிய நாம், நிலத்தின் உட்கிடையை வெட்டியே அறிவோம். ஆழ்கடலிலோ ஒலியே முன்செல்கின்றது. கப்பலொன்று அமுக்கிய காற்றை நீருள்ளே திடீரென விடும்; அவ்வதிர்வு பாறைப்படைகளிற் பட்டு மீளும்; கப்பல் இழுத்துவரும் நீண்ட வடத்திலுள்ள கருவிகள் அதனைப் பதியும்.

பதிவாவது ஆழமன்று, காலமே. சென்று மீள 4 செக்கன் எனின், வேகம் செக்கனுக்கு 2,000 மீற்றராயின் ஆழம் 4,000 மீற்றர். 2,200 எனக் கொள்ளின் 4,400. வேகக்கணிப்புப் பிழைத்தால் இல்லாத மேடும் படத்தில் எழும்.

மன்னார்க் குடாவில் இவ்வாறு கண்ட இடங்களிற் கெயர்ன் நிறுவனம் 2011இல் துளையிட்டது. டொராடோவில், 1,300 மீற்றருக்கு மேற்பட்ட நீரின் கீழே, மணற்கல்லில் எரிவாயு கிடைத்தது. பராகுடாவிலும் கிடைத்தது. டொராடோ வடக்குக் கிணறோ வறிதாயிற்று.

எதிரொலி பாத்திரத்தின் வடிவைக் காட்டும். உள்ளே வாயுவோ உவர்நீரோ என்பதை ஐயமறக் காட்டாது. வாயு நிறைந்த மணற்கல்லில் ஒலியின் வேகம் குறையும். அதனால் எதிரொலி பெரும்பாலும் வலுக்கும். ஆயின் உவர்நீரிற் கலந்த சிறிதளவு வாயுவும் ஏறக்குறைய அவ்வாறே செய்துவிடும். எனவேதான், பெருஞ்செலவாயினும், துளையிட்டுப் பார்க்கின்றனர்.