தாண்டு போன டொக்டர்

மெல்ல வாருங்கள், கதவிடுக்கால் எட்டிப் பார்ப்போம். உள்ளே ஒரு டொக்டர் சொற்களுக்குள் தாண்டு போய்க் கிடக்கிறார்!

வள்ளம் கடலில் மூழ்கினால் யாழ்ப்பாணத்தில் 'தாண்டு போச்சு' என்போம். ஒரு நுணுக்கத்துக்குள் விழுந்து, சாப்பாட்டையும் மறந்து கிடப்பவருக்கும் அதையே போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் இது 'கீக் அவுட்', 'நேர்ட் அவுட்'. அந்தக் 'கீக்' ஒரு காலத்தில் யார் தெரியுமோ? கார்னிவலில் உயிர்க்கோழியின் தலையைக் கடித்துக் காட்டிய வித்தைக்காரன்! ஆங்கிலக்காரருக்கு 'அவுட்', நமக்கோ மூழ்குவது, தோய்வது, ஆழ்வது என்று எல்லாமே உள்ளேதான். அப்படி மூழ்கும் ஆளுக்கும் ஊரில் பெயர் உண்டு: விண்ணன்.

நாம் எட்டிப் பார்க்கும் விண்ணன் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர். மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், இவர் திருத்துவார். எலும்புக்கும் நரம்புக்கும் சொல் வேண்டுமே! தமிழில் தேடு, சமஸ்கிருதத்தில் தேடு; அகப்படாவிட்டால் ஆங்கிலத்தையே பிடித்துத் தமிழாக்கிவிடு.

விளைவைப் பாருங்கள். 1867இல் 'இரண வைத்தியம்' என்ற நூல். இன்றைக்கு நாம் சத்திரசிகிச்சை என்பது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்'. லண்டனில் 1858இல் வந்த கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம்தான் இது. தலைப்பை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் புலவர்களின் கேசாதிபாதம் காதில் விழவில்லையா? பெண்ணின் கூந்தல் முதல் பாதம் வரை பாடிய ஓசையில் இப்போது விலா எலும்பு எண்ணுகிறார்கள்!

எனக்குப் பெரும் புழுகம் தந்தது 1875இல் வந்த இரசாயன நூல். பெயர் 'கெமிஸ்தம்'. 'கெமிஸ்ட்ரி'யின் வாலை நறுக்கி, 'அம்' என்று ஒரு வேட்டி கட்டி, மரம், பழம், பாடம் பக்கத்தில் பந்தியில் இருத்திவிட்டார்கள். இனிக் 'கெமிஸ்தத்தை', 'கெமிஸ்தத்தில்' என்று வேற்றுமை உருபெல்லாம் இடறாமல் ஏறும்.

அந்தச் சொல் நிலைக்கவில்லை. இங்கே இரசாயனவியல், அக்கரையில் வேதியியல் என்றாகிவிட்டது. ஆனாலும் மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் நிற்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பழைய ரேடியோவைக் கழற்றி வைத்துக்கொண்டு தாண்டு போயிருக்கும். சோறு ஆறுது என்று கத்தாதீர்கள், மூடி வையுங்கள்.