தரகர் கூலியைத் தருபவர் யார்?

மாலை நேரம். மளிகைக் கடையில் கூட்டம் நெரிகிறது. ஒரு கையால் சில்லறையைக் கொடுத்தபடியே, மறு கையால் தொலைபேசியை எடுக்கிறார் கடைக்காரர். "உங்கள் மின்சார ஒப்பந்தம் முடியப்போகிறது. நல்ல விலை ஒன்று பேசி வைத்திருக்கிறோம். எங்களுக்கு நீங்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை. சம்மதம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறது மறுமுனைக் குரல். வேலை முடிந்தால் போதுமென்று அவரும் "சம்மதம்" என்கிறார். பேச்சு ஐந்து நிமிடம், கட்டுப்பாடோ மூன்றாண்டு!

இலண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ கிராய்டனிலோ கடை நடத்தும் எவருக்கும் இது நேரக்கூடும். அன்பு வாசகர்களே! உங்கள் மகனோ மருமகனோ மச்சானோ பிரிட்டனில் கடையோ உணவகமோ நடத்தி வந்தால், இக்கட்டுரையை அவருக்கு அனுப்பி வையுங்கள்.

பேரம் பேசி வாங்கும் மின்சாரம்

நம் தமிழ்நாட்டில் சிறு கடைக்காரர் மின்சாரத்திற்குப் பேரம் பேசுவதில்லை. ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தைச் செலுத்துகிறார், அவ்வளவே. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கு மின் விற்பனை 1990இல் பெரிய ஆலைகளுக்கும், 1994இல் நடுத்தர நிறுவனங்களுக்கும், 1998-99இல் எஞ்சிய அனைவருக்கும் போட்டிச் சந்தையாகத் திறந்துவிடப்பட்டது. ஒரே கம்பியில் வரும் மின்சாரத்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு விலைக்கு விற்கின்றன.

வீடுகளுக்கு அங்கு 2019 முதல் விலை உச்சவரம்பு உண்டு. வணிகருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடையின் உபயோகம், மீட்டரின் வகை, கடன் நாணயம், அன்றைய மொத்தச் சந்தை நிலவரம் ஆகியவற்றைப் பார்த்தே விலை சொல்லப்படும். இன்று சொன்ன விலை நாளை இராது. ஒப்பந்தம் முடிந்தும் புதுப்பிக்காமல் இருந்துவிட்டாலோ, வழக்கத்தைவிட மிக உயர்ந்த விலை தலையில் விழும். காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருப்பவர் இத்தனையையும் எப்படி ஆராய்வார்? இங்குதான் தரகர் வருகிறார்.

தரகு இழிவான தொழிலன்று. பல நிறுவனங்களிடம் விலை கேட்டு, விதிகளைப் படித்து, உரிய காலத்தில் நினைவூட்டும் நல்ல தரகர் தம் கூலிக்கு மேலாகவே மிச்சப்படுத்தித் தருவதுண்டு. கூலி வாங்குவதில் குற்றமில்லை. அதை மறைப்பதில்தான் குற்றம்.

"இலவசம்" என்ற சொல்

தரகர் உங்களிடம் பணம் கேட்பதில்லை என்பது உண்மையே. மின் நிறுவனம் அவருக்குக் கமிஷன் தருகிறது. அந்த நிறுவனம் தன் கைப்பொருளிலிருந்தா தருகிறது? இல்லை. யூனிட் விலையில் சில பென்ஸைக் கூட்டி வைத்து, அதனை உங்களிடமிருந்தே வசூலித்து, தரகருக்கு வழங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 40,000 யூனிட் செலவாகும் கடை ஒன்றில், யூனிட்டுக்கு 2 பென்ஸ் கூட்டப்பட்டதாகக் கொள்வோம். ஓராண்டில் 800 பவுண்டு. மூன்றாண்டில் 2,400 பவுண்டு! "இலவச" உதவியின் விலை இது. ஒப்பந்தம் நீண்டால் தரகரின் வருமானமும் நீளும். ஆகவே, "ஐந்தாண்டு போட்டுவிடுங்கள், கவலையில்லை" என்று அவர் சொல்லும்போது, அந்த அறிவுரை யாருடைய நன்மைக்கு என்று ஒருகணம் சிந்திக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு விலை உச்சத்தில் இருந்தபோது நீண்ட ஒப்பந்தம் செய்த வணிகர் பலர், பின்னர் சந்தை விலை இறங்கியும் பழைய விலையையே கட்டிக்கொண்டிருந்தனர்.

"சந்தை முழுவதையும் அலசிவிட்டோம்" என்பதையும் அப்படியே ஏற்றுவிடலாகாது. தமக்குக் கமிஷன் தரும் சில நிறுவனங்களிடம் மட்டுமே விலை கேட்கும் தரகர்களும் உண்டு.

வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே

மிக முக்கியமான செய்தி இது. பிரிட்டனில் தொலைபேசியில் வாய்மொழியாகத் தரும் சம்மதமும் செல்லுபடியாகும் ஒப்பந்தமே. வீட்டு உபயோகத்திற்கு மின்சாரம் வாங்குபவர் 14 நாட்களுக்குள் மனம் மாறி விலகலாம். வணிகருக்குச் சட்டம் அந்த அவகாசத்தை வழங்கவில்லை. எனவே, "இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம், "எழுத்தில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதே உரிய பதில்.

தரகர் கேட்கும் அதிகாரக் கடிதத்திலும் கவனம் தேவை. விவரம் கேட்டு விலை பெறும் அதிகாரம் வேறு. உங்கள் பெயரில் கையொப்பமிடும் அதிகாரம் வேறு. முன்னதைத் தரலாம், பின்னதைத் தந்துவிட்டு வருந்துவதில் பயனில்லை. கடிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. உங்கள் கமிஷன் யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ்? ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் மொத்தம் எவ்வளவு பவுண்டு?

2. எந்தெந்த நிறுவனங்களிடம் விலை கேட்டீர்கள்? அவற்றின் யூனிட் விலை, அன்றாட நிலைக்கட்டணம் இரண்டையும் காட்டுவீர்களா?

3. ஒப்பந்தக் காலத்தில் விலை முழுவதும் மாறாததா, அன்றிச் சில கட்டணங்கள் இடையில் உயருமா?

4. தகராறு வந்தால் எந்தத் தீர்வு அமைப்பில் நீங்கள் உறுப்பினர்?

இவற்றைக் கேட்பது அவமரியாதையன்று, உங்கள் உரிமை. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் விதிப்படி, தரகுத் தொகையை ஒப்பந்த விவரத்தில் மின் நிறுவனம் காட்டியாக வேண்டும். மிகச்சிறு வணிகருக்கு 2022 அக்டோபரிலும், ஏனைய வணிகருக்கு 2024 அக்டோபரிலும் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 1,00,000 யூனிட்டுக்கு மேற்படாமல் மின்சாரம் செலவிடும் கடை மிகச்சிறு வணிகமாகவே கருதப்படும். அத்தகைய வணிகருக்காகத் தகராறு தீர்வு அமைப்பில் சேர்ந்த தரகரோடு மட்டுமே மின் நிறுவனங்கள் தொழில் செய்ய வேண்டும் என்பது 2022 டிசம்பர் முதல் விதி. முறையீடு செய்து எட்டு வாரத்தில் தீர்வு கிட்டாவிடில், அந்த அமைப்பைக் கட்டணமின்றி அணுகலாம்.

விதி இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத் தாளைப் பிரித்துப் படிக்காதவருக்கு விதியால் என்ன பயன்? கணக்கெழுதும் மனைவியோ, கல்லூரியில் படிக்கும் மகளோ ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும்.

பிறருக்காக விலை பேசுபவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறார். தம் கூலியைக் கேட்குமுன் சொல்பவரிடம் துணிந்து பொறுப்பை ஒப்படையுங்கள். கேட்ட பின்னும் சொல்லாதவரிடம், "சம்மதம்" என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடாதீர்கள்!