வாக்கி-டாக்கி: வாங்குவது எளிது, பேசுவது குற்றமாகலாம்

புது தில்லி: அடுக்குமாடிக் குடியிருப்புக் காவலர்கள் முதல் இமயமலையேறும் இளைஞர்கள் வரை பலரது கையிலும் இன்று வாக்கி-டாக்கி இருக்கிறது. அதை இயக்க அரசின் உரிமம் வேண்டுமா என்பதை வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

செல்போன் கோபுரம் இல்லாத இடத்திலும் இரு கருவிகள் நேரடியாகத் தொடர்பு கொள்வதே இதன் சிறப்பு. சிக்கலும் அங்கேதான். மலிவான கருவிகள் பல, காவல்துறை, பேரிடர் மீட்புப் பணியினரின் அலைவரிசைகளிலும் குறுக்கிடக் கூடியவை. எனவே, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையில் குறைந்த திறனுடன் இயங்கும் கருவிகளுக்கு மட்டுமே 2018-ஆம் ஆண்டு விதிகள் உரிம விலக்கு அளிக்கின்றன. அந்தக் கருவிகளுக்கும் தொலைத்தொடர்புத் துறையிடம் 'இ.டி.ஏ.' எனப்படும் வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் வாங்கிவரும் கருவிகள் பெரும்பாலும் 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அங்கு சட்டப்படியானவை, இங்கு அல்ல.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் 13 நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. விதிகளுக்குப் புறம்பான 16,970-க்கும் மேற்பட்ட இணைய விற்பனைப் பதிவுகள் கண்டறியப்பட்டன. அதே மாத இறுதியில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. 2026 ஜனவரியில் 8 நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 44 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. இவற்றுள் பெருநிறுவனங்களின் வணிகத்துக்கு முன் இது சில்லறைத் தொகையே. விதிகள் வந்து ஏழாண்டுகள் கழித்தே அரசு விழித்துக்கொண்டது என்பதையும் மறைக்க இயலாது. இதற்கிடையே, உரிமம் தேவையில்லை என நம்பி வாங்கியவர் கையில் இருப்பது சட்டவிரோதக் கருவி.

ஆகவே, விலையைப் பார்க்கும் முன் அதிர்வெண்ணையும் ஒப்புதல் எண்ணையும் பார்ப்பதே முறை. அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்ட '10 கிலோமீட்டர்' தூரத்தை நம்ப வேண்டியதில்லை. அது இடையில் தடையேதும் இல்லாத வெளிக்கான கணக்கு. நகரக் கட்டடங்களுக்கு இடையே ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம். திறனைக் கூட்டுவதைவிட உயரமான இடத்தில் நின்று பேசுவது பெரும்பாலும் கூடுதல் பலன் தரும்.

சில கருவிகளில் உள்ள 'பிரைவசி கோட்' வசதியும் பெயருக்கேற்றதல்ல. பிறர் பேச்சு நம் காதில் விழாமல் அது தடுக்குமே தவிர, நம் பேச்சை அதே அலைவரிசையில் உள்ள எவரும் கேட்கலாம்.