தன் குரல் தனக்கே திரும்பினால்…
(கணனி ஒலிவாங்கித் தொல்லையும் அதனைத் தீர்க்கும் வழியும்)

மொழியை மாணவர் முதலிற் செவியாற் கற்கின்றனர். பின்னரே நாவாற் பேசுகின்றனர். லகர, ழகர, ளகர வேறுபாட்டை உணர ஆசிரியரின் குரல் தெளிவாகக் கேட்டல் வேண்டும். 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது எமது வகுப்புகள் கணனிக்கு மாறின. இன்றும் பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி ஆகியவற்றுக்கான பயிற்சிகள் சிலவற்றை அவ்வழியே நடத்துகின்றோம். அவ்வேளைகளிற் பெற்றோர் கூறும் குறை ஒன்றுண்டு: பிள்ளை பேசுவது அப்பிள்ளையின் காதிலேயே திரும்பவும் ஒலிக்கின்றது என்பதே அது.

இதனைச் சிறு தொல்லையென ஒதுக்குதல் தகாது. மனிதர் தம் குரலைத் தாமே கேட்டுப் பேச்சை ஒழுங்குபடுத்துகின்றனர். அக்குரல் ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு தாமதித்துக் காதை எட்டினால், சரளமாகப் பேசுபவரும் சொற்களை இழுப்பர். அசைகளை இருமுறை கூறுவர். 1950 ஆம் ஆண்டில் பேர்னாட் லீ என்பவர் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஆகவே குறளை நன்கு மனனஞ் செய்த பிள்ளையும் கணனியின் முன் தடுமாறக்கூடும். ‘நீ படிக்கவில்லை’ என்று கடிந்துகொள்ளுமுன், அப்பிள்ளையின் ஹெட்போனை வாங்கி நமது காதில் வைத்துப் பார்த்தல் நன்று.

இத்தொல்லையின் காரணம் எளிது. ஒலிவாங்கி ஒலியை மின்குறிகளாக மாற்றுகின்றது. ஒலிபெருக்கி அவற்றை மீண்டும் ஒலியாக மாற்றுகின்றது. ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் மறுபடி புகுந்தால் ஒரு வட்டம் உண்டாகின்றது. ஊர்க் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி ‘கூ’ எனக் கூவியதைப் பெற்றோர் அறிவர். அதுவும் இவ்வட்டத்தின் விளைவே. டென்மார்க் நாட்டு இயற்பியலாளர் லார்சன் பெயரால் அதனை ‘லார்சன் விளைவு’ என்பர். வட்டத்தை ஏதேனும் ஓரிடத்தில் அறுத்தாற் போதும், தொல்லை நீங்கும்.

எங்கே அறுப்பது? முதலில் ஒரு சோதனை செய்க. வகுப்பிலிருந்து வெளியேறி, ஹெட்போனை அணிந்துகொண்டு பேசுக.

அப்போதும் குரல் கேட்டால், குறை நமது கருவியில் உள்ளது. விண்டோஸ் கணனியாயின் ‘கொன்ட்ரோல் பனல்’ பகுதியில் ‘சவுண்ட்’ என்பதைத் திறந்து, ‘றெக்கோடிங்’ பட்டியலில் ஒலிவாங்கியைத் தெரிந்து, ‘புறொப்பட்டீஸ்’ என்பதை அழுத்துக. ‘லிசின்’ என்னும் பக்கத்தில் ‘லிசின் டு திஸ் டிவைஸ்’ என்ற வரியின் முன் சரி அடையாளம் இருப்பின் அதனை நீக்குக. சில ஹெட்போன்கள் பேசுபவரின் குரலை அவருக்கே கேட்பிக்குமாறு செய்யப்பட்டவை. அவ்வசதியை அக்கருவிக்குரிய அமைப்பில் நிறுத்தலாம்.

குரல் கேட்கவில்லையெனில், குறை பெரும்பாலும் வகுப்பிலுள்ள வேறொருவரின் வீட்டில் உள்ளது. அவரது ஒலிபெருக்கியில் நமது குரல் ஒலிக்க, அவரது ஒலிவாங்கி அதனைப் பிடித்துத் திருப்பி அனுப்புகின்றது. எதிரொலியைக் கேட்பவர் ஒருவர். அதனை உண்டாக்குபவர் மற்றொருவர். எனவே நமது கணனியை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. ஆசிரியர் ஒவ்வொருவரது ஒலிவாங்கியாக நிறுத்திப் பார்த்தால், எவரிடத்து நிறுத்தியதும் எதிரொலி மறைகின்றதோ அவர் ஹெட்போன் அணிந்தாற் போதும். சகோதரர் இருவர் ஒரே அறையில் இரு கருவிகளில் ஒரே வகுப்பிற் சேர்ந்தால், இருவரும் ஹெட்போன் அணிக. பேசுபவரின் ஒலிவாங்கி மட்டும் திறந்திருக்கட்டும்.

இனி, குரலன்றி இரைச்சல் மட்டும் கேட்குமாயின், முன்கூறிய ‘புறொப்பட்டீஸ்’ பகுதியில் ‘லெவல்ஸ்’ என்னும் பக்கத்துக்குச் சென்று, ‘மைக்ரோபோன் பூஸ்ட்’ இருப்பின் அதனைக் குறைக்க. ‘உம்’ என்ற இடையறாத முழக்கம் மடிக்கணனியில் எழுந்தால் மின்னேற்றியைக் கழற்றிப் பார்க்க. முழக்கம் நின்றால், அது மின்னிணைப்பு வழியே வந்தது என்பது தெளிவு.

மாணவச் செல்வங்களே! உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வந்தால் அஞ்சிப் பேச்சை நிறுத்தாதீர்கள்; உடனே ஆசிரியரிடம் கூறுங்கள். பெற்றோரே! வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பாக இச்சோதனையைச் செய்துவைப்பீர்களாக. பிள்ளை தயங்காது தமிழ் பேசுவதற்கு அதுவும் ஓர் உதவியே.